வேலிக்கு ஓணான் சாட்சி

20 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு மரக்கிளைகளில் வாழ்ந்து, பூண்டற்றுப்போன விசித்திர ஊர்வனங்களுக்கு இன்று சித்திரம் எழுதுகின்றார்கள். கண்ணால் கண்டவன் ஒருவனும் இல்லாத ஜந்துவுக்கு உருவம் எழுதுவது எப்படி? அதை நம்புகின்ற நீங்கள் புராணப் படத்தை மாத்திரம் ஏன் நம்பமாட்டேன் என்கின்றீர்கள் என்று சிலர் நம்மை மடக்குகின்றார்கள். கேள்வி நியாயமானதே. கேள்வி கேட்பதையே பாவம் என்று சொல்லுகின்ற கூட்டத்தில் நாம் சேர்ந்தவர்களல்ல. ஆகையால் விஷயத்தைச் சற்று விவரமாகவே கவனிப்போம்.

இத்தாலியின் வடபாகத்துப் பாறையில் கிடைத்து 1980-ல் பெயரிடப்பட்ட ‘டிரெபனோசாரஸ்’ என்னும் ஜந்துவை எடுத்துக்கொள்ளுவோம். அதன் முன்கால் விரல் ஒன்றில் அரிவாள் போன்ற பெரிய நகம். வாலின் நுனியிலும் கொக்கி போன்ற ஒரு நகம். ஆனால் அந்த எலும்புக்கூட்டில் தலையும் இல்லை, கழுத்தும் இல்லை. அப்படியானால் படத்தில் காணும் தலை எங்கிருந்து வந்தது? அதற்கு நெருங்கிய உறவான ‘மெகலான்கோசாரஸ்’ என்பதற்குப் பறவையின் தலையைப்போல் கூர்ந்த சிறு தலையும், பச்சோந்தியைப்போல் கிளையைக் கவ்விப் பிடிக்கும் விரல்களும் உண்டு. அதைப் பார்த்து எழுதிய கடன் தலைதான் இது. நாளைக்கே உண்மைத் தலை மண்ணிலிருந்து வெளிப்பட்டால் பழைய படத்தைத் தள்ளிவிட்டுப் புதுப்படம் எழுதுவார்கள். மனம் புண்பட்டதென்று எவரும் கோர்ட்டுக்கு ஓடமாட்டார்கள்.

இன்னொன்று பாருங்கள். 1970-ல் ஷாரோவ் என்னும் ருஷ்ய ஆராய்ச்சிக்காரர் வெளியிட்ட ‘லாங்கிஸ்குவாமா’ கிர்கிஸ் நாட்டில் கிடைத்தது. முதுகில் நீள நீளமாகச் செதில்கள் போன்றவை நிற்கின்றன, பின்னுடம்பு கிடைக்கவில்லை. ஒருவர் அச்செதில்களை இரண்டு வரிசையாக்கி, காற்றில் சறுக்கும் இறக்கையாக எழுதினார். மற்றொருவர் ஒரே வரிசையாகச் சேவல் கொண்டைபோல் எழுதினார். வேறு சிலரோ அவை பக்கத்தில் கிடந்த செடியின் இலைகளே என்றனர். மூவரும் சண்டையிடுவது உண்மையே. ஆனால் மூவருக்கும் நடுவில் ஒரே கல் கிடக்கின்றது. யாரும் வந்து பார்க்கலாம், அளக்கலாம், மறுக்கலாம்.

இதற்கெல்லாம் சீமைக்குப் போகவேண்டியதில்லை. பொள்ளாச்சிக்குத் தெற்கே ஆனைமலைக் காட்டில் பறக்கும் ஓணான் இன்றும் உயிரோடு இருக்கின்றது. அதன் விலா எலும்புகள் பக்கவாட்டில் நீண்டு, மேலே தோல் போர்த்து, விசிறிபோல் விரியும். அதைக்கொண்டு மரத்துக்கு மரம் சறுக்கிச் செல்லும். இங்கிலாந்தின் சுண்ணாம்புப் பாறை இடுக்குகளில் கிடைத்த ‘கூனியோசாரஸ்’ என்ற பழம் ஊர்வனத்துக்கும் விலா எலும்புகள் அப்படியே நீண்டிருந்தன. ஆனால் இரண்டும் பாட்டனும் பேரனுமல்ல. ஒரே தொழிலுக்கு இரு வம்சங்கள் தனித்தனியே அடைந்த கருவி அது. ஆயினும் எழுதுகின்றவனுக்கு அந்த எலும்பு எப்படி வேலை செய்திருக்கும் என்பதற்கு நம் காட்டு ஓணான் சாட்சி சொல்லுகின்றது. கூனியோசாரஸைப்பற்றி 1962-ல் எழுதிய பமீலா ராபின்சன் அம்மையாரே, மகலானோபிஸ் அழைப்பின்பேரில் கல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் புதைபடிவ ஆராய்ச்சிக்கு அடிகோலியவர். அவ்விடத்தார் கோதாவரிப் பக்கம் தோண்டியெடுத்த பெரிய டைனசாருக்குத் தாகூர் பெயரைச் சேர்த்து ‘பாராபாசாரஸ் தாகோரி’ என்று 1975-ல் பெயரிட்டார்கள்.

இனி, புராணப் படத்துக்கு வருவோம். 1894-ல் ரவிவர்மா அச்சுக்கூடம் வைத்தபிறகு, அவர் எழுதிய முகமும் புடவையும் நகையும் வீட்டுக்கு வீடு ஆணியில் தொங்கலாயின. அவர் திறமையில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் படத்துக்கு ஆதாரம் என்ன என்றால் புராணம் என்கின்றார்கள். புராணத்துக்கு ஆதாரம் கேட்டால் படத்தைக் காட்டுகின்றார்கள். “ஓணானுக்கு வேலி சாட்சி, வேலிக்கு ஓணான் சாட்சி” என்று நம்மவர்கள் சொல்லுவது இதைத்தானே? ஆராய்ச்சிக்காரனுடைய ஓணானுக்கோ கல்லும் எலும்பும் சாட்சி. தோலின் நிறம் ஊகம் என்பதை அவனே ஒப்புக்கொள்ளுகின்றான். இரண்டுக்குமுள்ள வித்தியாசம் இவ்வளவே. ஆனால் இது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

இது வெறும் பல்லி ஓணான் பேச்சு என்று எவரும் தள்ளிவிடக்கூடாது. 2018 ஜனவரியில் மத்திய மந்திரியாயிருந்த சத்யபால் சிங், குரங்கு மனிதனானதை யாரும் பார்த்ததில்லை, ஆகையால் டார்வின் கொள்கை தவறு என்று பேசினார். 2023-ல் என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமப் பாடம் எடுக்கப்பட்டது. விஞ்ஞானிகளும் ஆசிரியர்களுமாக 1,800-க்கு மேற்பட்டோர் கையெழுத்திட்டுக் கண்டித்தார்கள். கண்ணால் பார்த்ததுதான் உண்மையென்றால், நம் கொள்ளுப்பாட்டனையும் நாம் பார்த்ததில்லை. அதற்காக அவர் இல்லாமலா நாம் பிறந்தோம்?

தமிழ்நாட்டு அரசுப் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் பரிணாமப் பாடம் இருக்கின்றது. அதை மனப்பாடம் செய்து மார்க்கு வாங்கினால் மட்டும் போதாது. கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்து ஆசிரியத் தோழர்களுக்கு ஒன்று சொல்லுவோம். வேலியில் உட்கார்ந்திருக்கும் ஓணானைப் பிள்ளைகள் கவனித்து எழுதட்டும். பிறகு ஒரு புதைபடிவத்தின் எலும்பைக் காட்டி, அதற்கு உடல் எழுதச் சொல்லுங்கள். கிடைத்ததை ஒரு மையிலும், ஊகித்ததை வேறு மையிலும் எழுதட்டும். எது கிடைத்தது, எது ஊகம் என்று பிரித்துக் காட்டப் பழகிய பிள்ளையைப் பிற்காலத்தில் எந்தச் சாமியாரும், எந்த மந்திரியும் இலேசில் ஏமாற்ற முடியாது என்பது நமது அபிப்பிராயம்.