லோடிங் ஸ்கிரீனுக்குக் கோயில் கட்டாதீங்க சாமிகளா!

பழைய வீடியோ கேம் பத்தி யார் பதிவு போட்டாலும் கடைசியில ஒரு பாரா தவறாம வந்துடுது. "அந்த லோடிங் ஸ்கிரீன் இருக்கே... ஹூம், அது ஒரு காலம்!" அது பொறுமையைக் கத்துக் குடுத்துச்சாம். எதிர்பார்ப்பைக் கூட்டுச்சாம். படிக்கப் படிக்க வயிறு எரியுது மக்களே, அதான் இந்தப் பதிவு.

உங்க வீட்டு ஹால்ல சொந்தமா பிளேஸ்டேஷன் இருந்திருக்கும். லோடிங் வந்தா எழுந்து போயி முறுக்கு எடுத்துட்டு வந்திருப்பீங்க. நான் பழையசீவரத்துக்காரன். பஸ் புடிச்சு வாலாஜாபாத் தாண்டி காஞ்சிபுரம் போயி, ஒரு கடையில அரை மணிக்குப் பத்து ரூபா குடுத்து ஆடுனவன். 'வைஸ் சிட்டி' போட்டா முதல்ல ஒரு லோடிங். போலீஸ் தொரத்தும்போது பாலத்தைத் தாண்டினா இன்னொரு லோடிங். செத்தா ஆஸ்பத்திரி வாசல்ல மறுபடி முதல்லேருந்து. (எங்க ஊர் பாலாத்துப் பாலத்துல போறவனை யாராவது 'இருப்பா, திருமுக்கூடல் லோட் ஆவட்டும்'னு நிறுத்தி வெக்கிறாங்களா?)

"அண்ணா, லோடிங்தானே ஆவுது, இதுக்குமா டைம் கணக்கு?"

"டிவி ஓடுதுல்ல, கரெண்ட் ஓடுதுல்ல... டைமும் ஓடும்டா."

நடுவுல கரெண்ட் போச்சுன்னா மெமரி கார்டு இல்லாத பையன் கதி என்னன்னு சொல்லவே வேணாம். வீட்டுக்குத் திரும்ப பஸ் காசு மட்டும்தான் பாக்கெட்ல இருக்கும்.

"அப்போ மெஷின் அவ்ளோதான்யா, என்ன பண்றது"ன்னு ஒரு கோஷ்டி பின்னூட்டத்துக்கு ரெடியா நிப்பாங்க. சரி, கணக்கு போடுவோம். முதல் பிளேஸ்டேஷன்ல சிடி ஓடுற வேகம் செகண்டுக்கு 300 கேபி. மெயின் மெமரி 2 எம்பி. மொத்தத்தையும் ரொப்ப 7 செகண்டு. பிளேஸ்டேஷன் 2-ல 32 எம்பி. டிவிடி செகண்டுக்கு அஞ்சு எம்பிக்கு மேல படிக்கும். அதுவும் 6 செகண்டு சொச்சம்தான். அப்புறம் ஏன் அவ்வளவு நேரம்? ஃபைலுங்க வட்டுல அங்கொண்ணு இங்கொண்ணா கிடக்கும், லென்ஸ் ஒவ்வொண்ணுக்கும் நகர்ந்து நகர்ந்து தேடணும். அக்கறை இருந்தவங்க ஒரே ஃபைலை நாலு இடத்துல காப்பி போட்டு அந்த அலைச்சலைக் குறைச்சாங்க. (கடையில இருந்ததெல்லாம் திருட்டு டிவிடி, லென்ஸும் தேஞ்சது. படிச்சதையே திரும்பத் திரும்பப் படிக்கும். அதுக்கு கம்பெனியைத் திட்ட முடியாது, ஒத்துக்கறேன் :-))

'கிராஷ் பாண்டிகூட்'காரங்க 1996-லயே ஆட ஆட வட்டுலேருந்து துண்டு துண்டா எடுத்துப் போட்டாங்க. 'ரெசிடென்ட் ஈவில்'ல கதவு மெதுவா தொறக்குமே, அது லோடிங்தான், ஆனா திகிலோட சேத்துத் தெச்சிருந்தாங்க. அதைப் பாராட்டுங்க, நானும் கை தட்டறேன். வெறும் கோடு ஒண்ணு ஊர்றதைப் பாராட்டாதீங்க.

நாம்கோ கதை இன்னும் கொடுமை. 'ரிட்ஜ் ரேசர்' லோட் ஆவுற நேரத்துல 'கேலக்ஸியன்' ஆட விட்டாங்க. அருமையான யோசனை. ஆனா அதுக்கு அமெரிக்காவுல காப்புரிமை வாங்கி வெச்சுக்கிட்டாங்க. 1998-ல கெடைச்சது, 2015-லதான் காலாவதி ஆச்சு. லோடிங் தொல்லை அதிகமா இருந்த வருஷமெல்லாம் அதுலயே போச்சு!

இன்னும் நம்பிக்கை வரலைன்னா, 2021-ல நடந்தது. 'ஜிடிஏ ஆன்லைன்' கம்ப்யூட்டர்ல நிமிஷக்கணக்கா லோட் ஆவும். கம்பெனிக்கு வெளில இருந்த ஒருத்தர் தோண்டிப் பாத்தா, 10 எம்பி பட்டியல் ஒண்ணைப் படிக்கற நிரல் மோசமா எழுதியிருக்கு. அதைச் சரி பண்ணி லோடிங்கை 70 சதவீதம் குறைச்சுக் காட்டினார். ராக்ஸ்டாரும் ஒத்துக்கிட்டு 10,000 டாலர் குடுத்தாங்க. ஹார்டுவேர் மேல பழி போட்டு எத்தனை வருஷம் காத்திருந்தோம்!

நிலாக்காலப் பதிவு போடுறவங்க போடுங்க. போடறதுக்கு முன்னாடி அந்தக் கடை பெஞ்சுல பத்து ரூபாயோட உக்காந்திருந்தவனுக்கு, அரை மணியில எத்தனை நிமிஷம் ஆட்டம் கெடைச்சுதுன்னு மட்டும் ஒரு கணக்கு போட்டுட்டுப் போடுங்க.