சுத்த இரத்தம் எங்கே இருக்கிறது?

“எங்கள் இரத்தம் வேறு, அவர்கள் இரத்தம் வேறு” என்று பெருமை பேசாத கூட்டத்தார் உலகத்தில் வெகு சொற்பம். இது வெறும் வாய்ப்பேச்சாக நின்றிருந்தால் நாம் இதை லட்சியம் செய்திருக்க மாட்டோம். ஆனால் அமெரிக்காவில் இது யுத்த ஆஸ்பத்திரி வரைக்கும் போயிற்று. 1941-ல் அந்நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கம், கறுப்பரின் இரத்தமே வேண்டாமென்றது. 1942-ல் வாங்கிக்கொள்ளச் சம்மதித்தும், வெள்ளையர் இரத்தம் வேறாகவும் கறுப்பர் இரத்தம் வேறாகவும் பிரித்தே வைத்தது. இந்தக் கூத்து 1950 வரை நடந்தது. 1940-ல் பிரிட்டனுக்கு இரத்தநீர் அனுப்பும் வேலையை மேற்பார்த்த டாக்டர் சார்லஸ் ட்ரூ ஒரு கறுப்பர் என்பது இதில் பெரிய வேடிக்கை!

நிற்க, “இரத்தத்தில் பேதமே இல்லையா?” என்று கேட்கப்படலாம். தாராளமாய் இருக்கிறது. ஆனால் அது இவர்கள் கிழித்த கோட்டின்படி இல்லை. ஏ வகை மரபணு சிவப்பணுவின் மேல் ஒருவிதச் சர்க்கரையை ஒட்டுகிறது. பி வகை வேறுவிதச் சர்க்கரையை ஒட்டுகிறது. ஓ வகையிலோ, பெரும்பாலும் ஓர் எழுத்து விட்டுப்போனதால், மரபணு ஒன்றையும் ஒட்டுவதில்லை. வேலை செய்யாத இந்த மரபணு வெள்ளையரிடமும் உண்டு, கறுப்பரிடமும் உண்டு. அதனால் அவர்களுக்குக் குறைந்துபோனது என்ன? ரீசஸ் பொருத்தமும் இருந்தால், அவர்களுடைய சிவப்பணுவே மற்ற வகையாருக்கும் உதவுகிறது! தகப்பன் ஏ, தாய் பி என்றால் ஒரு பிள்ளை ஓ ஆகவும் மற்றொன்று ஏபி ஆகவும் பிறக்கலாம். அப்போது ஓ வகைப் பிள்ளைக்குக் கூடப்பிறந்த ஏபியின் இரத்தம் சேராது. முகமறியாத ஓ வகைக் கறுப்பர் இரத்தம் சேரலாம்.

இது ஒரு மரபணுவின் சங்கதிதான். 26 ஜனக்கூட்டங்களிலிருந்து 2,504 பேருடைய மரபுத்தொகுதியை ஆராய்ந்து 2015-ல் கணக்கு வெளியிட்டார்கள். அதன்படி சாதாரணமாக ஒருவரிடம் புரதத்தின் அமைப்பை மாற்றும் வேறுபாடுகள் 10,000 முதல் 12,000 வரை இருக்கின்றன. புரதத்தைப் பாதியில் முறிப்பவை மாத்திரம் 149 முதல் 182 வரை இருக்கின்றன. ஒருவரிடம் காணும் எல்லா வேறுபாடுகளிலும் அபூர்வமானவை நூற்றுக்கு 1 முதல் 4 வரைதான். மற்றவை பலரிடமும் இருப்பவையே. அரசனானாலும் ஆண்டியானாலும் கணக்கு இதுதான்.

ஆகவே, பழுதில்லாத பிறவி என்பதாக ஒன்று எந்த வம்சத்திலும் கிடையாது. இனி யாராவது சுத்த இரத்தம் என்று உங்களிடம் பேசினால், “ஏயா, பியா, ஓவா?” என்று மாத்திரம் கேளுங்கள். ஆபத்துக் காலத்தில் வைத்தியர் கேட்கும் கேள்வியும் அதுதான். அவர் குலம் கோத்திரம் கேட்பதில்லை.