நிறம் பயிலும் மேசை

திருப்பூர் இரயில் நிலையத்தை அடுத்துள்ள காதர்பேட்டைக் கடைகளில், ஒரே படம் அச்சிட்ட பனியன்கள் அடுக்கடுக்காகக் குவிந்திருக்கும். ஏற்றுமதிக்குப் போக எஞ்சியவையும் சிறு பிழையால் விலக்கப்பட்டவையும் அவற்றுள் உண்டு. மேலோட்டமாக நோக்குவோர்க்கு அவை யாவும் ஒன்றே. இரண்டை விரித்து அருகருகே வைத்தால் வேறுபாடு புலப்படும். ஒன்றில் சிவப்பு இழையளவு கோட்டைத் தாண்டியிருக்கும். மற்றொன்றில் மஞ்சள் சற்று வெளிறியிருக்கும். ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்வதில் கலை இல்லை என்னும் பொதுக்கருத்தை மறுக்க அவ்விரு பனியன்களே போதும்.

அச்சிடும் முறையை அறிந்தால் இது மேலும் தெளிவாகும். சட்டத்தில் இழுத்துக் கட்டிய நுண்வலையில் படம் விழவேண்டிய இடம் மட்டும் திறந்திருக்கும். பிற இடங்கள் அடைக்கப்பட்டிருக்கும். வலைமேல் நிறப்பசையை இட்டு ரப்பர் பட்டையால் இழுத்தால் நிறம் துணியில் இறங்கும். நிறம் ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டம் வேண்டும். நான்கு நிறப் படத்திற்கு நான்கு சட்டங்கள். நான்கும் இம்மியும் பிசகாமல் பொருந்த வேண்டும். பட்டையின் சாய்வு, கையின் அழுத்தம், பசையின் கெட்டித்தன்மை ஆகியவற்றுள் ஒன்று மாறினும் நிறம் மாறிவிடும். மீண்டும் செய்தல் என்பது இங்குச் சோம்பலன்று, இடையறாத கவனம்.

இக்கவனத்தைப் பள்ளி மாணவர்களும் பயில வேண்டும். ஒரு தாளில் ஒரு படத்தை வரைந்து மதிப்பெண் பெறுவதோடு ஓவிய வகுப்பு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. மாறாக, லினோ தகட்டில் ஆவாரம்பூ ஒன்றைச் செதுக்கி, அதனைப் பதினாறு முறை பதிக்கும் மாணவரை எண்ணிப் பார்க்கலாம். வெண்மைக்கு நடுவே மங்கித் தோன்றிய மஞ்சள், கருநீலம் சூழ்ந்ததும் சுடர்விடும். அதே மஞ்சளின்மேல் மெல்லிய நீலம் படிந்தால் பச்சை பிறக்கும். வடிவம் மாறாதிருப்பதனால்தான் நிறத்தின் மாற்றம் கண்ணில் படுகிறது. ஒரு காரணியை நிலைநிறுத்தி மற்றொன்றை மாற்றிப் பார்க்கும் அறிவியல் சோதனைக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

இத்தகைய சோதனையே புதிய முறைகளுக்கு வித்திடுகிறது. 1925இல் சித்தூர் மாவட்டத்தில் பிறந்தவர் கிருஷ்ணா ரெட்டி. அவர் பாரிசின் அட்டெலியே 17 பட்டறையில் பணியாற்றியபோது, கெட்டித்தன்மையில் வேறுபட்ட மைகளை ஒரே தகட்டில் உருட்டிப் பல நிறங்களை ஒருசேரப் பதிக்கும் முறையைச் சக கலைஞர்களுடன் சேர்ந்து உருவாக்கினார். கெட்டியான மையும் இளகிய மையும் ஒன்றையொன்று ஏற்பதையும் விலக்குவதையும் பதித்துப் பதித்தே அறிய முடியும்.

கணினியில் நொடிப்பொழுதில் நிறத்தை மாற்றலாமே, கை வருந்துவது எதற்கு எனச் சிலர் வினவக்கூடும். திரையில் மாற்றிய நிறம் எதையும் மிச்சம் வைப்பதில்லை. மேசையில் குழைத்த நிறமோ கழுவும் நீரில் எஞ்சுகிறது. இவ்வுண்மையைத் திருப்பூர் பெருவிலை கொடுத்துக் கற்றது. வெள்ளியங்கிரி மலையில் தோன்றிக் காவிரியில் கலக்கும் நொய்யல், சாயக்கழிவால் பாழ்பட்டது; ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய நீர் உழவர்க்கு உதவாததாயிற்று. கழிவுநீரைச் சிறிதும் வெளிவிடாத நிலையை எட்டாத சாய ஆலைகளை மூடுமாறு 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அச்சு மேசையைவிடச் சாயத் தொட்டிகளே இக்கேட்டிற்குப் பெருங்காரணம். ஆயினும், நிறத்தைக் கையாளும் எவரும் அதன் எச்சத்திற்கும் பொறுப்பாவர்.

எனவே, மாணவரின் அச்சுப்பணியை மதிப்பிடும்போது சிறந்த ஒரு தாளை மட்டும் காண்பது போதாது. பிசகிய தாள்களையும் வரிசையாக வைத்து, எங்கே என்ன மாறியது என்று அவர் விளக்கக் கேட்க வேண்டும். எஞ்சிய மையை எங்கே சேர்த்தார் என்பதையும் வினவ வேண்டும். அவ்வாறு பயின்ற மாணவர் காதர்பேட்டையில் ஒரு பனியனைக் கையில் எடுக்கும்போது, அதன் நிறத்தோடு அதை இழுத்த கையையும் கழுவிய நீரையும் சேர்த்தே காண்பார்.