ஈகையா? வாணிபமா?

உள்நாட்டுப் போர் 2002-இல் ஓய்ந்தபோது, ஆப்பிரிக்காவின் அங்கோலா நாடு சிதைந்து கிடந்தது. சாலைகளும் பள்ளிகளும் கட்ட, 2004-இல் சீனாவின் ஏற்றுமதி இறக்குமதி வங்கி 200 கோடி டாலர் கடன் தந்தது. தோழியரே, இதை ஈகை என்போமா? கடனுக்கு ஈடாக எண்ணெய் சீனாவுக்குச் சென்றது. கட்டுமானப் பணிகளில் பெரும்பகுதியும் சீன நிறுவனங்களுக்கே கிடைத்தது. ஆகவே இது வாணிபமே. ஆயினும் கொள்ளை என்று நாம் தூற்றவும் வேண்டாம். 1978 ஒப்பந்தப்படி சீனாவே தன் எண்ணெயையும் நிலக்கரியையும் ஜப்பானுக்குத் தந்து, இயந்திரங்களைப் பெற்றுத் தொழில் வளர்த்தது. கொடுப்பவரின் நோக்கத்தைப் போலவே வாங்குபவரின் விழிப்பும் முக்கியம். மண்ணுக்கடியில் உள்ள செல்வம் ஒருமுறைதான் கிடைக்கும். அதை விற்றுக் கட்டிய பள்ளியில் ஏழைச் சிறுமியும் படிக்கிறாளா? நாம் கேட்க வேண்டிய கேள்வி அதுவன்றோ!