கத்தியும் கோப்பையும்

ஈப்போவில் நண்பர் ஒருவரின் வரவேற்பறையில், பால்வெட்டும் கத்திகள் சில கண்ணாடிப் பேழைக்குள் மின்னக் கண்டேன். விலை கொடுத்துச் சேகரித்தவையாம். எதிரே மேசையில் விஸ்கி, விருந்தினர்க்குப் பீர். 'நம் பாட்டாளி மரபு' எனக் கூறிக் கோப்பையை உயர்த்தினார்.

கத்தியும் குடியும் என்றுமே அருகருகேதான் இருந்தன. அதுவன்றோ நம் துயரம்! இருள் பிரியுமுன் பிரட்டுக்கு நின்று, உள்மரத்தைத் தீண்டாது பட்டையை மட்டும் மெல்லியதாய்ச் சீவிய கை அது. சற்றே ஆழ்ந்தால் மரம் புண்படும். கங்காணியின் ஏச்சும் கிட்டும். அத்துணை நுட்பம் பயின்ற கையின் கூலியைக் கள்ளுக்கடை வாங்கிக்கொண்டது. பல தோட்டங்களில் அக்கடை நிருவாகத்தின் கண்முன்னேயே நடந்தது. தொழிலாளர் வாளாவிருக்கவில்லை. கள்ளுக்கடைகளை மூடவேண்டுமென்பது 1941இல் கிள்ளான் வேலைநிறுத்தக் கோரிக்கைகளுள் ஒன்று; 1947இல் கெடா, பீடோங்கில் தொண்டர் படை அதற்காகவே கிளர்ந்தெழுந்தது. மரபு என்றால் இதுவும் மரபுதானே?

நண்பர் குடிப்பதை நான் தடுக்கவில்லை. அவர் பணம், அவர் குடல். கத்தியைக் காப்பதும் நன்றே. பேராக்கின் ரப்பர்க் காடுகள் பல செம்பனையாகிவிட்டன. அக்கத்தியைக் கண்டறியாத மாணவர் பலர். ஆயினும் அதனைக் குடிமேசைக்கு அணிகலனாக்குவதோ? தமிழ்ப்பள்ளிக்குத் தாருங்கள் என்றேன்.

"பிள்ளைகள் கையை அறுத்துக்கொள்வார்களே" என்றார், மீண்டும் ஊற்றியவாறே.