இலங்கை மலைநாட்டுக்கு ஒரு பிரயாணத் திட்டம்

தேர்வுத் தாள்களைத் திருத்தி முடிக்கும் வேளையில் நம் வீட்டில் ஆண்டுதோறும் ஒரு சபை கூடும். விடுமுறைக்கு எங்கே போவது என்பது ஒன்றே அங்கு விஷயம். வழக்கம்போல் நீலகிரியும் கோடைக்கானலும் பிரேரணைகளாக வந்தன. கடைக்குட்டிப் பெண் மட்டும், "கடலும் வேண்டும், மலையும் வேண்டும்" என்று பிடிவாதம் செய்தாள். இரண்டும் வேண்டுவோர் தேசப் படத்தில் விரலை வெகுதூரம் நகர்த்த வேண்டியதில்லை. பக்கத்திலேயே இலங்கை மலைநாடு இருக்கிறது.

2023 மே மாதத்தில் நாம் ஒரு தடவை அங்கே சென்று வந்தோம். யோசனையின்றிப் புறப்பட்டதால் பிழைகள் பல செய்தோம். நேயர்கள் அவற்றைத் திரும்பவும் செய்வதற்கு அவசியமில்லை.

முதலில் பார்க்க வேண்டியது ரயில் அட்டவணை அன்று, மழை. தீவின் நடுவே மலைத்தொடர் ஒரு மதில்போல் நிற்கிறது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக் காற்று ஹட்டன், நுவரெலியாப் பக்கத்தை நனைக்கும். அதே நாட்களில் மதிலுக்கு அப்பாலுள்ள பண்டாரவளையிலும் பதுளையிலும் வெயில் காய்ந்து வறண்ட காற்று வீசும். வடகிழக்குப் பருவத்தில் நிலைமை தலைகீழ். பிப்ரவரியும் மார்ச்சும் உத்தமமான மாதங்கள். ஆனால் உபாத்தியாயர்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. நமக்கு வாய்ப்பது சித்திரையும் வைகாசியுமே. ஏப்ரல் நடுவில் சிங்களரும் தமிழரும் ஒருங்கே புத்தாண்டு கொண்டாடுவதால் நுவரெலியாவில் திருவிழாக் கூட்டம். அறை வாடகையும் மலையேறிவிடும். அது கலைந்த பின், ஏப்ரல் கடைசி வாரத்தில் போவது நலம். பிற்பகலில் மழை வரும் என்றே வைத்துக்கொண்டு, காண வேண்டியவற்றை உச்சிப் பொழுதுக்கு முன் கண்டுவிட வேண்டும்.

இந்தப் பாடத்தை நாம் ஹோட்டன் சமவெளியில் கற்றோம். 7,000 அடி உயரத்தில் பரந்த அப்புல்வெளியின் ஓரத்தில், 'உலக முடிவு' என்னும் இடத்தில் மலை 2,800 அடிக்கு மேல் செங்குத்தாக இறங்குகிறது. விடியற்காலையில் போனவர்கள் பள்ளத்தையும் அடிவாரத்துக் காடுகளையும் கண்டு வாயடைத்துத் திரும்புகிறார்கள். நாமோ நுவரெலியாவில் நிதானமாகச் சிற்றுண்டி அருந்திவிட்டுப் பதினொரு மணிக்கு விளிம்பில் போய் நின்றோம். எதிரே கண்டது வெண்பனி, அதற்கப்பாலும் வெண்பனி. "இதற்குப் பால் பொங்கும்போது பாத்திரத்தை எட்டிப் பார்த்திருக்கலாமே!" என்றார் நம் இல்லத்தரசி. நுழைவுக் கட்டணத் தொகையையும் அவர் இன்றுவரை மறக்கவில்லை.

கண்டியிலிருந்து பதுளை வரை செல்லும் ரயில் பாதையே இப்பிரயாணத்தின் முதுகெலும்பு. நீலகிரி ரயிலைப்போல் பற்சக்கரம் கிடையாது. நம் பெரிய ரயில்கள் ஓடும் அதே அகலப் பாதை, வளைந்து வளைந்தே 6,226 அடி உயரத்துப் பட்டிப்பொலை நிலையத்தை எட்டுகிறது. அதை அடுத்த சுரங்கத்தில் நுழையும்போது மழையும், வெளிப்படும்போது வெயிலுமாக இருப்பதுண்டு. மதில் என்று மேலே சொன்னோமே, அதைத் துளைத்துக்கொண்டு போகிறோம். எல்ல என்ற ஊருக்கு அப்பால், கல்லாலும் செங்கல்லாலும் எழுப்பி 1921-ல் முடித்த ஒன்பது வளைவுப் பாலம் உண்டு. தெமோதரையிலோ பாதை ஒரு சுற்றுச் சுற்றி, நிலையத்தின் அடியிலேயே நுழைந்து போகிறது. 2025 நவம்பரில் வீசிய டிட்வா புயலில் இம்மலைப் பாதை பல இடங்களில் பழுதுற்றது. ஆகவே எதுவரை ரயில் ஓடுகிறது என்று விசாரித்த பின்னரே சீட்டு வாங்க வேண்டும்.

ஜன்னலுக்கு வெளியே மைல் கணக்கில் விரியும் பச்சையைக் கண்டு, "ஆகா, இயற்கை!" என்று நாமும் சொன்னோம். சொன்னது தவறு. அங்கே முதலில் காடு இருந்தது; பிறகு காப்பி வந்தது; 1869-ல் தோன்றிய இலைநோய் காப்பியை அழிக்க, தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. காட்டை வெட்டியவர்களும் செடியை நட்டவர்களும் பெரும்பாலும் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் சீமைகளிலிருந்து சென்ற நம்மவர்கள். அவர்களுடைய சந்ததியாரில் மிகப் பலர் 1948-ம் ஆண்டுச் சட்டத்தால் எந்நாட்டுப் பிரஜைகளும் அல்லாதவர் ஆயினர். 1964-ல் இரு அரசாங்கங்களும் உடன்படிக்கை செய்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைக் கணக்கிட்டுப் பிரித்தன. நாடற்று எஞ்சியவர்களுக்குப் பிரஜா உரிமை அளிக்கும் சட்டம் 2003-ல்தான் வந்தது.

தலவாக்கலைக்கு அருகில் நம் மோட்டாரின் சக்கரம் காற்றிழந்து நின்றபோது, கொழுந்துக் கூடையை முதுகில் தாங்கிய ஒரு மூதாட்டி, "ஐயா எந்தப் பக்கமுங்க?" என்றார்.

"திருச்சிராப்பள்ளி, அம்மா."

"துறையூரு தெரியுங்களா?"

"முப்பது மைல்தான்."

அவருடைய பாட்டனார் துறையூரை அடுத்த ஒரு கிராமத்தவராம். ஊரின் பெயரைப் பிழையில்லாமல் சொன்னார். தம்பி உடன்படிக்கையின்படி கப்பலேறிக் கூடலூர்ப் பக்கம் போய்விட்டாராம். "கோயில் வாசல்ல பெரிய புளியமரம் ஒண்ணு நிக்கும்னு தாத்தா சொல்லும். இன்னும் நிக்குதுங்களா?" என்று கேட்டார். பார்த்துச் சொல்கிறோம் என்று வாக்களித்தோம். வந்தபின் பள்ளிக்கூடம், பரீட்சை, பையனின் கல்லூரி என்று நாட்கள் ஓடிவிட்டன.

புயலின்போது மண் சரிந்த மலைகளில்தான் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களும் நிற்கின்றன. செய்தியைப் படித்ததும், அவருடைய மகன் அன்று எழுதிக் கொடுத்த எண்ணுக்கு டெலிபோன் செய்தோம். பின்சுவர் இடிந்துவிட்டது என்றும், வீட்டார் அனைவரும் பிழைத்துப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறார்கள் என்றும் அவர் கூறினார். பிறகு மூதாட்டியிடம் கொடுத்தார். நாம் யார் என்று விளங்கச் சற்று நேரம் ஆயிற்று. விளங்கியதும், "மரத்தைப் பார்த்தீங்களா ஐயா?" என்றார்.

ஆகவே இவ்வாண்டுத் திட்டத்தில் கண்டிக்கு முன்னால் ஒரு வரியைச் சேர்த்திருக்கிறோம். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை, காமிராவுடன், துறையூர் பஸ்.