விலையைப் பிறகு கேளுங்கள்

பழைய ரெக்கார்டு பிளேயருக்குக் கார்ட்ரிட்ஜ் மாற்ற வேண்டும் என்று வாய் திறந்தால் போதும், "இருப்பதிலேயே விலை கூடியதைப் போடுங்க சார்" என்கிறார்கள். இதைவிட மோசமான யோசனை இல்லை.

நம் நாட்டில் 1960-களிலும் 78 சுற்றுத் தட்டுகள் வந்துகொண்டிருந்தன. அதனால் பல வீடுகளில் 78-ம் எல்.பி.யும் கலந்தே கிடக்கின்றன. 78-இன் பள்ளம் அகலம்; அதற்கு ஏறத்தாழ 76 மைக்ரான் முனையுள்ள ஊசி வேண்டும். எல்.பி.க்கு 18 மைக்ரான். எல்.பி. ஊசியை 78-இல் வைத்தால் பள்ளத்தின் அடியில் கிடந்து அழுக்கைத்தான் பாடும். 78 ஊசியை எல்.பி.யில் வைத்தால் பள்ளத்துக்குள் இறங்காமல் விளிம்பைத் தேய்க்கும்.

அடுத்தது எடை. அக்காலத்து செராமிக் கார்ட்ரிட்ஜ் 5 கிராம் அளவில் அழுத்தும்; கையும் அதற்கேற்ற கனம். ஒன்றரை கிராமில் ஓடும் மென்மையான காந்தக் கார்ட்ரிட்ஜ் அதில் துள்ளும். அது தருவதும் சில மில்லிவோல்ட்தான். ஃபோனோ பிரீஆம்ப் இல்லாவிட்டால் முனகல்தான் கேட்கும்.

எடையை மாற்ற முடிகிற கை என்றால், ஆடியோ டெக்னிக்கா வி.எம்.95 போல ஊசியை மட்டும் மாற்றும் வகை போதும்: எல்.பி.க்கு 2 கிராம், 78-க்கு 5 கிராம்.

எங்கள் பென்னலூரைச் சுற்றியுள்ள ஆலைகளில், விலை உயர்ந்தது என்பதற்காக அளவு பிசகிய பாகத்தை வண்டியில் பொருத்துவார்களா? 1795-இல் மீட்டரையும் கிராமையும் சட்டமாக்கிய பிரெஞ்சுக்காரர்களின் மொழியில் படித்தவன் நான். அளவுதான் எனக்கு முதல் கேள்வி.

ஊசியை நாளைக்கும் வாங்கலாம். மறுபதிப்பே காணாத தட்டில் அது உரசித் தின்ற பாட்டை எந்தக் கடையில் வாங்குவீர்கள்?